ரோஸ் தாள் நோட்டீஸ்

திருத்தங்கலில் அச்சாபீஸ்களுக்கு அந்தக் காலத்திலும் பஞ்சமில்லை. தீப்பெட்டி லேபிளும் பட்டாசு லேபிளும் அடிப்பதற்கென்றே தெருவுக்கு ஒன்று இருந்தது. ஆனால் ஆளைக் கூட்ட வேண்டிய நோட்டீஸ் என்றால், ஜவுளிக்கடைக்காரரானாலும் சரி, கோயில் கொடைக்காரரானாலும் சரி, ரயில்வே கேட்டுக்குத் தெற்கே இருந்த ஒரே ஒரு அச்சாபீஸைத்தான் தேடி வந்தார்கள். முதலாளியின் முகத்துக்காக வரவில்லை. அவர் தம் பெயரைத் தப்பில்லாமல் எழுதிவிட்டாலே பெரிய காரியம். அங்கே அச்சுக் கோத்துக்கொண்டிருந்த நாகையாவுக்காக வந்தார்கள்.

நாகையா எட்டாவது வரை படித்தவன். ஒல்லியான உடம்பு, முப்பத்தைந்து வயது, விரல் நுனியெல்லாம் ஈயக்கறை. நோட்டீஸ் வாசகத்தை அவன் தாளில் எழுதுவதே கிடையாது. வந்தவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொள்வான். பிறகு எழுத்துப் பெட்டி முன்னால் போய் நின்று, உதடு முணுமுணுக்க, நேராக ஈய எழுத்துகளை எடுத்துக் கோக்க ஆரம்பித்துவிடுவான். அறுபத்திரண்டு தேர்தலில் இரண்டு கட்சிக்காரர்களும் அவனிடமேதான் வந்தார்கள். காலையில் ஒருத்தருக்குக் கோத்தான், மத்தியானம் இன்னொருத்தருக்குக் கோத்தான். இரண்டு நோட்டீஸையும் வாசிக்கக் கேட்ட ஒரு பெரியவர், யாருக்கு ஓட்டுப் போடுவதென்று தெரியாமல் வீட்டிலேயே படுத்துவிட்டாராம். டீக்கடையில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நாகையாவும் கூடச் சேர்ந்து சிரிப்பான். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கர்வம் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டுமே, கர்வப்பட அவனுக்கென்று வேறு என்ன இருந்தது?

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கிராமத்தில் நோட்டீஸை ஒருத்தர் படிப்பார், சுற்றி நிற்கிறவர்கள் கேட்பார்கள். அதனால் கண்ணுக்கு எழுதக் கூடாது, காதுக்கு எழுத வேண்டும் என்பது அவன் கட்சி. அப்படிக் கேட்கிற ஆளாக அவன் மனதில் எப்போதும் ஒருத்திதான் உட்கார்ந்திருப்பாள். அவனுடைய அக்கா வெள்ளைத்தாய்.

வெள்ளைத்தாய் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவள். தாய் தகப்பன் போன பிறகு பருத்தி எடுத்தும் கடலை பிடுங்கியும் தம்பியைப் படிக்க வைத்தாள். சாயங்காலம் அவள் அடுப்பு ஊதும்போது அவன் பாடப் புத்தகத்தை வாசித்துக் காட்டுவான். புரியாத இடம் வந்தால் அடுப்பை விட்டு முகத்தைத் திருப்பாமலே, "அப்படின்னா என்னலே?" என்பாள். அவனும் விளங்கச் சொல்வான். அச்சாபீஸில் நின்று வாசகம் கோக்கும்போதும் அந்த "என்னலே" வருகிறதா என்று காது கொடுத்துப் பார்ப்பான். வராவிட்டால் வாசகம் சரி. ஆனைக்குட்டத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கரிசல்காட்டு ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்த வெள்ளைத்தாய்க்கு இதெல்லாம் தெரியாது. தம்பி அச்சாபீஸில் பெரிய வேலை பார்க்கிறான் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அதையே ஊர் பூராவும் சொல்லி வைத்திருந்தாள்.

அந்த ஆடியில் அக்காவின் மூத்த மகள் பொன்னுத்தங்கம் தீயில் போய்ச் சேர்ந்தாள்.

மழை பொய்த்து இரண்டு வருடமாகியிருந்தது. கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. காட்டு வேலை இல்லாமல் பெண்பிள்ளைகள் எல்லாரும் மேற்கே இருந்த பட்டாசுக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மேக்கத்திக் கம்பெனி என்றுதான் அதைச் சொல்வார்கள். பொன்னுத்தங்கத்துக்குச் சரம் பின்னுகிற வேலை. விரல் ஓடுகிற வேகத்தில் பக்கத்துப் பிள்ளைகளின் சரத்தையும் சேர்த்துப் பின்னிக் கொடுப்பாளாம். ஆடிக் காற்று அள்ளி வீசிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், காயப் போட்டிருந்த வெடி எப்படியோ தீப்பிடித்து, அவள் இருந்த ஷெட் ஒரு நொடியில் எரிந்துவிட்டது. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்னே அவளோடு இன்னும் இரண்டு பிள்ளைகளும் போய்விட்டார்கள்.

தாய்மாமன் கொண்டுபோக வேண்டிய கோடிச்சேலையை எடுத்துக்கொண்டு நாகையா போனான். உடம்பைத் துணியால் பொதிந்து கட்டியிருந்தார்கள். குளிப்பாட்டவும் வழியில்லை, சேலை உடுத்தவும் வழியில்லை. கொண்டுபோன கோடியை அந்தப் பொதியின் மேல் விரித்தான். வெள்ளைத்தாய் அவன் காலைக் கட்டிக்கொண்டாள். மற்ற பெண்களெல்லாம் மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள். அவள் அழவில்லை, பேசினாள்.

"தண்ணி தண்ணின்னு கேட்டாளாம்லே. ஆஸ்பத்திரி போற வளியெல்லாம் கேட்டாளாம். தீப்பட்ட ஒடம்புக்குத் தண்ணி குடுக்கப்படாதுன்னு ஒருத்தரும் குடுக்கலையாம். சாகப்போற புள்ளைக்குக் குடுத்தாத்தான் என்னலே? அம்புட்டுப் பெரிய கம்பெனியில வயசாளி ஒருத்தி கூடவா இல்ல? ஒரு கெளவி இருந்திருந்தாக் குடுத்திருப்பாளே. எம்புள்ளை தொண்டை நனைஞ்சு போயிருக்குமே."

இதையே அன்று முழுவதும் சொன்னாள். கருமாதி அன்றும் சொன்னாள். அவள் புருஷன் சுடலை, ஆடு மேய்க்கிற கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இளையவள் சண்முகத்தாய், பதினைந்து வயதுப் பிள்ளை, வருகிறவர்களுக்கெல்லாம் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்தாள். யாரும் கேட்காவிட்டாலும் கொடுத்தாள்.

ஆவணி பிறந்து சில நாள் கழித்து, கம்பெனி மேனேஜர் தனுஷ்கோடி குடையோடு அச்சாபீஸுக்கு வந்தார். முதலாளி எழுந்து தம் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அச்சாபீஸில் பாதி வேலை அந்தக் கம்பெனி லேபிள்தான். தனுஷ்கோடி உட்காரவில்லை. நேராக எழுத்துப் பெட்டியண்டை வந்து, மடியிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டினார்.

"நாகையா, இதப் பாரு. சிவகாசியில குடுத்து அடிச்சது. ஊரு ஊராத் தமுக்கடிச்சுக் குடுத்தாச்சு. ஒரு பொட்டச்சி கம்பெனி வண்டியில ஏறலை. தீவாளி ஆர்டர் அம்புட்டும் அப்படியே கெடக்கு."

நாகையா வாங்கிப் பார்த்தான். வெள்ளைத் தாள். நாலு பக்கமும் கறுப்புக் கரை. "இதனால் சகல தொழிலாளர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், எதிர்பாராது நேர்ந்த துயரச் சம்பவத்தின் நிமித்தம் மூடப்பட்டிருந்த மேற்படி தொழிற்சாலையானது" என்று தொடங்கி, மூச்சு விட இடமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"கறுப்புக் கரை எதுக்குங்கய்யா போட்டீக?"

"மூணு உசிரு போயிருக்குல்ல. மரியாதையா இருக்கட்டுமேன்னு எங்க கம்பெனி மொதலாளிதான் போடச் சொன்னாக."

"கறுப்புக் கரை போட்ட காயிதத்தை எங்க சனங்க வீட்டுக்குள்ளயே கொண்டு போகமாட்டாகய்யா. கேதச் சேதின்னு நெனைச்சு வாசல்லயே வச்சுக் கிளிச்சுப் போட்டிருவாக. இன்னொரு சாவு விளுந்திருச்சுன்னுல்ல நெனைச்சிருப்பாக!"

தனுஷ்கோடிக்கு அப்போதுதான் விளங்கியது. தலையில் அடித்துக்கொண்டார். "அதான் ஒருத்தியும் கைநீட்டி வாங்கலையா! தமுக்கடிச்சவன் வந்து சொன்னான், காயிதத்தைக் கண்டா ஓடுதாளுகன்னு."

நாகையா சிரித்துவிட்டான். அங்கேதான் கெட்டது. நல்ல தச்சன் கோணலாக மாட்டிய கதவைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. இவனுக்கும் அப்படித்தான். அந்தக் கம்பெனியில்தான் பொன்னுத்தங்கம் போனாள் என்பது அவனுக்கு மறந்துவிடவில்லை. மறக்கிற விஷயமா அது? ஆனால் அந்த ஓட்டை நோட்டீஸ் கையில் இருக்கும்போது, இது இப்படி இருக்கக் கூடாதே, எப்படி இருந்திருக்க வேண்டும் என்றுதான் புத்தி ஓடியது. முதலாளி வேறு பின்னால் நின்று, "நீ நெனைச்சா முடியும் நாகையா" என்றார்.

"அய்யா, எங்க அக்கா மகளும் அந்தத் தீயிலதான் போனா" என்றான், தலையைக் குனிந்துகொண்டு.

"தெரியும்ப்பா. அதனாலதான் உங்கிட்ட வந்தேன். அந்தத் தாய்மாரு மனசு ஒனக்குத்தான தெரியும்" என்றார் தனுஷ்கோடி. அந்த மனிதரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. யாரிடம் எதைச் சொன்னால் காரியம் நடக்கும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

நாகையா ரோஸ் தாள் எடுத்து வைக்கச் சொன்னான். மேலே பிள்ளையார் சுழி போட்டான். எழுத்துப் பெட்டி முன்னால் போய் நின்றதும் வழக்கம்போல அக்கா வந்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை அடுப்புக்கு முன்னால் இல்லை. பொதியின் மேல் விரித்த கோடிச்சேலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதைச் சொன்னால் மனசு ஆறும் என்று யோசித்தான். அவள் எதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தாளோ அதற்குப் பதில் சொன்னால் ஆறும். கை தானாக ஓடியது. கோத்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் நீர் முட்டியது. கைலி முனையால் துடைத்துக்கொண்டு கோத்தான். அழுதுகொண்டே எழுதியதால் அது சத்தியம் என்று நினைத்துக்கொண்டான், பாவி.

ஒரு இடத்தில் மட்டும் கை நின்றது. திரும்பி, "அய்யா, ஒவ்வொரு ஷெட்டு வாசல்லயும் தண்ணித் தொட்டி வைப்பீகளா? பக்கத்துல வயசான பொம்பளை ஒண்ணு போடுவீகளா?" என்று கேட்டான்.

"நீ போடு. சீசன் முடியட்டும், பாத்துக்கிடலாம்" என்றார் தனுஷ்கோடி.

நாகையா போட்டான்.

நோட்டீஸ் ஊர் ஊராகப் போன சாயங்காலம், வீட்டில் அவன் மனைவி இருளம்மாள் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். பசைச் சட்டிக்கு ஒரு பக்கம் அவள், மறுபக்கம் பிள்ளைகள். நாகையா உள்ளே வந்து உட்கார்ந்ததும் கையை எடுக்காமலே கேட்டாள்.

"அந்த ரோஸ் நோட்டீஸை எளுதுனது நீகதான?"

"யாரு சொன்னா?"

"ஒருத்தரும் சொல்லலை. குளாயடியில வாத்தியாரு பொண்டாட்டி வாசிச்சா. கேட்டுக்கிட்டு நின்னவ அம்புட்டுப் பேரும் மூக்கைச் சிந்துனாளுக. எனக்கு மட்டும் பக்குன்னு இருந்துச்சு. எங்க மைனி பேசுற மாதிரியே இருந்துச்சு."

நாகையா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"மைனி வாயில இருந்து எடுத்து அவுக காதுலயே ஊத்தியிருக்கீகளே. இது நல்லாவா இருக்கு?"

"அக்கா எங்கன கேக்கப் போகுது? அது துக்கத்துல கெடக்கு. ஒரு புள்ளையைக் குடுத்தவ இன்னொண்ணை அனுப்புவாளா? இது மத்த ஊருக்கு எளுதுனது."

"மத்த ஊருப் புள்ளைகளைப் பெத்தவளும் மைனி மாதிரி ஒருத்திதான" என்றாள் இருளம்மாள். பசை காய்ந்துகொண்டிருந்தது.

நோட்டீஸ் வேலை செய்தது. வெள்ளிக்கிழமை பத்திரகாளியம்மனுக்குப் பொங்கல் வைத்துக் கம்பெனியைத் திறந்தார்கள். ஒரு வண்டி நிறைந்து இன்னொரு வண்டியும் அனுப்ப வேண்டியதாயிற்று. ரோஸ் தாளைப் பெண்கள் வீட்டுக்குள் கொண்டுபோய் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்பதாகத் தமுக்கடிக்கிறவன் வந்து சொன்னான். டீக்கடையில் நாகையாவின் முதுகில் தட்டினார்கள். அந்த ஒரு நாள் அவனுக்கு இனிப்பாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

அடுத்த வாரம் லேபிள் கட்டுகளைக் கொண்டுபோய் இறக்குவதற்காகக் கம்பெனிக்குப் போனான். வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. எரிந்த ஷெட் இருந்த இடத்தில் புதுக் கீற்று வேய்ந்து, அதற்குள்ளும் பிள்ளைகள் உட்கார்ந்து சரம் பின்னிக்கொண்டிருந்தார்கள். ஷெட் ஷெட்டாகப் பார்த்துக்கொண்டே நடந்தான். எந்த வாசலிலும் தொட்டி இல்லை. ஆபீஸுக்குப் பக்கத்தில் காலித் தார் டின் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. வயசாளி ஒருத்தியையும் காணோம். வெடிமருந்து வைக்கிற அறையும் பழைய இடத்திலேயே, ஷெட்டை ஒட்டியே இருந்தது. தனுஷ்கோடியைத் தேடிப் போய்க் கேட்டான்.

"தொட்டி வரலையாங்கய்யா?"

"யாருப்பா இவன்! இங்க தலை போற அவசரத்துல இருக்கேன். லோடு ஏத்தணும். பாத்துக்கிடலாம்னு சொன்னேன்ல?" என்றார். முகம் சிரித்தபடிதான் இருந்தது.

அன்று திருத்தங்கலுக்குத் திரும்ப நாகையாவுக்கு மனம் வரவில்லை. அப்படியே பஸ் ஏறி ஆனைக்குட்டம் பக்கம் இறங்கி, காட்டுப் பாதையில் அக்கா ஊருக்கு நடந்தான். வெயில் சாயவில்லை. வானத்தில் ஒரு மேகத் துண்டு கிடையாது. போய் அக்காவைப் பார்த்துவிட்டு வந்தால் மனப்பாரம் கொஞ்சம் குறையும் என்று நினைத்தான்.

வெள்ளைத்தாய் வாசலிலேயே கண்டுவிட்டாள். "வாலே தம்பி! ஆயுசு நூறு ஒனக்கு. இப்பத்தான் ஒன்னைய நெனைச்சேன். நாளைக்கு இவுகளை அனுப்பிக் கூட்டியாறச் சொல்லணும்னு இருந்தேன்." ஆள் பாதியாக இளைத்திருந்தாள். "மொதல்ல சாப்பிடு" என்று கம்பங்கஞ்சியைக் கரைத்து, சுட்ட மிளகாயும் வெங்காயமும் வைத்தாள். அவன் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள். சுடலை வெளியே ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு உள்ளே வந்து ஓரமாக உட்கார்ந்தார்.

அவன் கை கழுவியதும், வெள்ளைத்தாய் அடுக்குப் பானைக்குப் பின்னாலிருந்து மடித்து வைத்திருந்த தாளை எடுத்துவந்தாள். ரோஸ் தாள்.

"இதப் படிலே."

நாகையா மடிப்புக் கலையாமல் தாளை வாங்கினான். "இது எதுக்கு ஒனக்கு?"

"கம்பெனி நோட்டீஸுல்லா. தமுக்கடிக்கிறவன் வந்து ஊரு மந்தையில நின்னு வாசிச்சான். நான் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள கெடந்தேன். கெடந்தாலும் காதுல விளுகுதுல்ல. எந்திரிச்சு வந்து ஒண்ணு வாங்கிக்கிட்டேன். மூணு நாளா வண்டிக்காரன் வந்து வாசல்ல நிக்கான். கூட வேலை பாத்த புள்ளைக அம்புட்டும் போயிருச்சு. இவளும் போறேன்னுதான் சொல்லுதா. காட்டுல ஒரு வேலையும் இல்ல. ஆட்டுக்குத் திங்கத் தளை இல்ல. ஒங்க மச்சான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்காக. நான் சொல்லிட்டேன், எந்தம்பி வந்து படிச்சு, அது வாயால சரின்னு சொன்னாத்தான் அனுப்புவேன்னு."

"ஆமா மாப்ளே" என்றார் சுடலை. "நீங்க சொன்னா ஒண்ணு. இல்லைன்னா வேணாம்."

மந்தையில் ஒரு தடவை கேட்டிருக்கிறாள். அதனால் வேறு எதையாவது மாற்றி வாசிக்கவும் முடியாது. நாகையா தாளைப் பிரித்தான். எவ்வளவு மட்டமாக வாசிக்க முடியுமோ அவ்வளவு மட்டமாக வாசித்துவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டு, குரலை இழுக்காமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் ஆரம்பித்தான்.

"தாய்மார்களே! உங்கள் வீட்டில் அழுகிற சத்தம் எங்கள் காதிலும் விழுகிறது. மூன்று பெண்பிள்ளைகள் போன துக்கம் உங்களுக்கு மட்டும் இல்லை. எங்களுக்கும்தான்.

ஆத்தா பத்திரகாளிக்குப் பொங்கல் வைத்து, குற்றம் குறை சொல்லிக் கும்பிட்டு, வருகிற வெள்ளிக்கிழமை கதவைத் திறக்கிறோம்.

இனிமேல் எந்தப் பிள்ளையும் தண்ணீர் தண்ணீர் என்று தவிக்கக் கூடாது. ஒவ்வொரு ஷெட் வாசலிலும் தண்ணீர்த் தொட்டி இருக்கும். தொட்டிக்குப் பக்கத்தில் வயசான அம்மாள் ஒருத்தி இருப்பாள். அவளுக்கு வேறு வேலை கிடையாது. உங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அவள் வேலை."

எங்கே மட்டமாக வாசிப்பது? அந்த வாசகம் யார் வாயிலும் தங்காது, நேராகக் காதுக்குப் போய்விடும். அப்படித்தான் அவன் கோத்து வைத்திருந்தான். இரண்டாவது வரியிலேயே குரல் தானாக இறங்கியது. நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. வெள்ளைத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்த எடத்தைத் திருப்பிப் படிலே. தண்ணி எடத்தை."

திருப்பிப் படித்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஒரு இடத்திலும், "அப்படின்னா என்னலே?" என்று கேட்கவில்லை. கடைசி வரிக்கு வந்தான். "காலையில் ஏற்றிப் போகிற பிள்ளையைச் சாயங்காலம் உங்கள் வாசலில் இறக்கிவிடுவோம். எங்களை நம்புங்கள்."

பட்டியில் ஒரு குட்டி கத்தியது. வெள்ளைத்தாய் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"நெசமாத்தான் இருக்குமாலே?"

"இல்லக்கா."

"என்னது?"

"நெசமில்ல. அம்புட்டும் பொய்யி. அங்கன தொட்டியும் இல்ல, கெளவியும் இல்ல. நான் இப்ப அங்க இருந்துதான் வாரேன். சம்முகத்தாயை அனுப்பாத. நான் கூட்டிக்கிட்டுப் போறேன். எங்க வீட்டுல இருந்து தீப்பெட்டி ஒட்டட்டும்."

வெள்ளைத்தாய் அவனைக் கூர்ந்து பார்த்தாள். "தொட்டி இன்னும் வரலையா இருக்கும். அச்சடிச்ச காயிதத்துல போட்டுப்புட்டுச் செய்யாம இருப்பாகளா? ஊரு ஒலகமெல்லாம் வாசிச்சிருக்குலே. எளுதுனவன் அம்புட்டு உருக்கமா எளுதியிருக்கானே, அவன் பொய்யா எளுதியிருப்பான்?"

"எளுதுனது நாந்தாங்க்கா."

சொல்லிவிட்டான். சொன்ன பிறகு அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியமில்லை. செருப்பைக் கழற்றி அடித்தால் வாங்கிக்கொள்ளலாம், காறித் துப்பினால் துடைத்துக்கொள்ளலாம் என்று நினைத்துத் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சுடலையின் கையில் இருந்த கம்பு தரையில் விழுந்தது.

"நீயா எளுதுன?"

"ஆமாக்கா."

"நீயாலே எளுதுன?" அவள் குரல் மாறியிருந்தது. அவன் கையிலிருந்த தாளை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். "அதான! மந்தையில அவன் வாசிக்கும்போதே எனக்கு மேலெல்லாம் சிலுத்துச்சு. நம்ம வீட்டு ஆளு பேசுற மாதிரியே இருக்கேன்னு பாத்தேன். இத மொதல்லயே சொல்லுறதுக்கு என்ன? எவனோ எளுதுனதுன்னுல்ல நான் பயந்துக்கிட்டுக் கெடந்தேன்!"

"அக்கா, நான் சொல்றதைக் கேளு. பொய்யி எளுதுனேங்க்கா. மேனேஜரு கேட்டாரு, எளுதிக் குடுத்தேன். தொட்டி வைக்கமாட்டாகன்னு தெரிஞ்சேதான் எளுதுனேன்."

"போலே. நீயாவது பொய்யி எளுதவாவது! ஒன் அக்கா மக செத்த கம்பெனிக்கு நீ பொய்யி எளுதிக் குடுப்பியா? நான் அன்னைக்குத் தண்ணி தண்ணின்னு கெடந்து அடிச்சுக்கிட்டேன், நீ அதை மனசுல வச்சுக்கிட்டுப் போயி, அவுககிட்டச் சண்டை போட்டு, தொட்டி வையிங்க, கெளவியைப் போடுங்கன்னு எளுத வச்சிருக்க. எங்கிட்டக்கூடச் சொல்லிக்கிடலை. எனக்குத் தெரியாதா எந்தம்பியை?"

"இல்லக்கா... இல்லக்கா..." என்பதற்கு மேல் நாகையாவுக்கு ஒன்றும் வரவில்லை. கூட்டத்தைக் கூட்டுகிற வாசகமெல்லாம் எழுதினவன், பெற்ற தாய்க்குச் சமமான ஒருத்திக்கு ஒரு சின்ன உண்மையை விளங்க வைக்கத் தெரியாமல் தவித்தான்.

"மச்சான், நீங்களாச்சும் சொல்லுங்க!"

சுடலை அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விளங்கிவிட்டதோ என்னவோ. ஏதோ சொல்ல வாயெடுத்தவர், வெள்ளைத்தாயின் முகத்தைப் பார்த்தார். மகள் போன நாளிலிருந்து அந்த முகத்தில் இப்போதுதான் கொஞ்சம் தெளிச்சி வந்திருந்தது. அவர் எழுந்து ஆடுகளிடம் போய்விட்டார்.

"ஒனக்குப் பயம்" என்றாள் வெள்ளைத்தாய். "தாய்மாமனுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். ஒண்ணைத் தூக்கிக் குடுத்துட்டோம்ல. அதான் அனுப்பாதன்னு சொல்லுத. எனக்கு மட்டும் பயமில்லையாலே? ஆனா நாம வகுறு களுவணுமே. ஒங்க வீட்டுல அவளையும் வச்சுக்கிட்டு எம்புட்டு நாளைக்குப் பாப்ப? இருளம்மா பாவம்." பின்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "ஏளா சம்முகத்தாயி! வெள்ளனே வண்டிக்குப் போகணும், தலையைச் சீவிப் படு. மாமன்தான் அந்த நோட்டீஸை எளுதியிருக்கு. இனிமே நமக்கு என்ன கவலை?"

சண்முகத்தாய் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து அவன் முன்னால் உட்கார்ந்தாள். வெள்ளைத்தாயைப் போலவே அகலமான கண்.

"நெசமாவா மாமா? நீகளா எளுதுனீக? அந்தத் தண்ணி குடுக்குற ஆச்சி நம்ம பக்கத்து ஊரா மாமா, வேத்தூரா?"

நாகையா பிள்ளையைப் பார்த்தான். அப்படியே முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, முதுகு குலுங்க விக்கி விக்கி அழுதான். பொன்னுத்தங்கம் போன அன்றுகூட அவன் அப்படி அழவில்லை. வெள்ளைத்தாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவன் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையில் செய்த மாதிரி முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"அளாதலே. இவளுக்கு ஒண்ணும் ஆகாது. நீதான எளுதியிருக்க."